மதுரையிலிருந்து வந்த மணப்பெண்
சிங்கள மக்களின் தோற்றமும் சமயமும்



இந்த ஆண்டுச் சொற்பொழிவுக்குச் சிங்கள மக்களின் வரலாற்றை எடுத்துக்கொள்கிறேன் என்றதும், அதைத் தமிழர் அவையில் ஏன் பேச வேண்டும் என்று நண்பர்கள் சிலர் கேட்டார்கள். 1956இன் தனிச் சிங்களச் சட்டம், 1983 ஆடிக் கலவரம், 2009 முள்ளிவாய்க்கால் ஆகியவற்றைக் கண்டும் கேட்டும் வாழ்கிற ஒரு சமூகம் அப்படிக் கேட்பது இயல்பு. எதையும் மறக்கச் சொல்லி நான் இங்கே வரவில்லை. இருந்தாலும், நம்மோடு இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு மேலாக வணிகம் செய்து, போர் செய்து, பெண் கொடுத்துப் பெண் எடுத்த ஒரு மக்கள் கூட்டத்தைப் பற்றி நாம் அறிந்திருப்பது பெரும்பாலும் மேடைப் பேச்சிலிருந்து வந்தது. அது போதாது என்பது என் உறுதியான எண்ணம்.

சிங்களவர் வட இந்தியாவிலிருந்து வந்த ஆரியர் என்று அவர்களில் ஒரு சாரார் பெருமை பேசுகிறார்கள். அதே வாசகத்தை நம்மில் ஒரு சாரார் எடுத்துக்கொண்டு, அவர்களே வந்தேறிகள் என்று தீர்ப்பு எழுதுகிறார்கள். இரு தரப்பும் நிற்பது விஜயன் கதை என்ற ஒரே தரையில்தான். அந்தத் தரை இரு தரப்பையும் தாங்காது. சிங்கள மக்கள் எந்தக் கப்பலிலும் முழு உருவத்தோடு வந்து இறங்கவில்லை. தீவில் முன்பே இருந்தவர்களும், அலை அலையாக வந்து சேர்ந்தவர்களும் ஒரு மொழியையும் ஒரு சமயத்தையும் பற்றிக்கொண்டு அங்கேயே சிங்களவர் ஆனார்கள். வந்து சேர்ந்தவர்களில் பெரும் பங்கினர் நம் கரையிலிருந்து போனவர்கள். இதற்கான சான்றுகள் அவர்களுடைய வழிபாட்டில் இன்றும் உயிரோடு இருக்கின்றன.

முதலில் விஜயன் கதையையே பார்ப்போம். கி.பி. 5ஆம் நூற்றாண்டின் இறுதியிலோ 6ஆம் நூற்றாண்டிலோ மகாநாமர் என்ற தேரர் பாளி மொழியில் பாடிய மகாவம்சம், தனக்கு ஆயிரம் ஆண்டுகளுக்கு முந்திய செய்தியாக இதைச் சொல்கிறது. லாள நாட்டிலிருந்து துரத்தப்பட்ட இளவரசன் விஜயன் 700 தோழர்களுடன் தம்பபண்ணியில் கரையேறுகிறான். அன்றுதான் புத்தர் பரிநிர்வாணம் அடைகிறார். இயக்கர் குலப் பெண்ணான குவேனி அவனுக்குத் துணை நின்று, தன் இனத்தாரை வெல்லவும் உதவுகிறாள். அவளுக்கு ஒரு மகனும் ஒரு மகளும் பிறக்கிறார்கள்.

இதுவரைதான் பலரும் சொல்வார்கள். கதை மேலே போகிறது. முடிசூட வேண்டுமானால் அரச குலத்துப் பெண் வேண்டும் என்கிறான் விஜயன். அமைச்சர்கள் மணியும் முத்தும் கொடுத்துத் தூதரை அனுப்புகிறார்கள். எங்கே? தென்மதுரைக்கு, பாண்டியனிடம். பாண்டியன் தன் மகளைக் கொடுக்கிறான். விஜயனுடைய தோழர்களுக்காக நகரத்துக் குடும்பங்களிலிருந்து பெண்களைத் திரட்டுகிறான். யானை, குதிரை, வண்டிகளோடு பதினெண் தொழிற்குழுக்களைச் சேர்ந்த ஆயிரம் குடும்பங்களும் கப்பலேறி மாதோட்டத்தில் இறங்குகின்றன. குவேனி பிள்ளைகளோடு வெளியேற்றப்பட்டு, தன் இனத்தார் கையாலேயே மடிகிறாள். பிள்ளைகள் மலைநாட்டுக்கு ஓடிப்போகிறார்கள். விஜயன் ஆண்டுதோறும் இரண்டு இலட்சம் பெறுமதியுள்ள சங்குமுத்தை மதுரை மாமனாருக்கு அனுப்பிக்கொண்டிருந்தான் என்றும் நூல் சொல்கிறது.

இது நடந்த வரலாறு என்று நான் சொல்லவில்லை. ஆனால் 6ஆம் நூற்றாண்டை ஒட்டி, அனுராதபுர மகாவிகாரையில் இருந்த ஒரு பௌத்தத் துறவிக்கு, தன் மக்களின் முதல் தாய்மார் மதுரைக்காரிகள் என்று எழுதுவதில் எந்தக் கூச்சமும் இருக்கவில்லை. கைவினைக் குடிகள் பாண்டிய நாட்டிலிருந்து வந்தவர்கள் என்று சொல்வதிலும் இருக்கவில்லை. தூய ஆரிய இரத்தம் என்ற எண்ணத்துக்கு மகாவம்சத்தில் இடமே கிடையாது. அதை அந்நூலின் மேல் ஏற்றியவர்கள் 19ஆம் நூற்றாண்டினர்.

மண்ணைத் தோண்டினால் கிடைப்பது விஜயனுக்கும் முந்திய கதை. அனுராதபுரத்தின் உள்நகரில் சிறான் தெரணியகல நடத்திய அகழாய்வுகள், கி.மு. 900 அளவிலேயே அங்கு இரும்பும் நெல்லும் குதிரையும் அறிந்த மக்கள் வாழ்ந்ததைக் காட்டின. கருப்பு சிவப்புப் பானைகள் அங்கே கிடைக்கின்றன. புத்தளத்துக்கு வடக்கே பொம்பரிப்பில் கிடைத்த தாழிகள் ஆதிச்சநல்லூர்த் தாழிகளை நினைவூட்டுபவை. தம்புள்ளைக்கு அருகே இப்பன்கட்டுவையில் கற்பலகைகளால் அமைத்த ஈமப்பேழைகள் இருக்கின்றன. ஆக, பாக்குநீரிணையின் இரு கரையிலும் அன்று ஒரே பண்பாட்டு வட்டம் நிலவியது. இன்றைய சிங்களவர், இலங்கைத் தமிழர் ஆகிய இருவருக்கும் இந்த மக்கள் முன்னோர் என்பதே பேராசிரியர் கா. இந்திரபாலா 2005இல் வெளியிட்ட ஆய்வு நூலின் மையக் கருத்து. தம் இளமைக்கால முடிவுகள் சிலவற்றை அவரே அதில் மாற்றிக்கொண்டார். அந்த நேர்மைக்காகவும் அந்நூல் படிக்கத்தக்கது.

அப்படியானால் மொழி எப்படி வந்தது? கி.மு. 3ஆம் நூற்றாண்டு முதல் தீவின் குகைகளில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பிராமிக் கல்வெட்டுகள் வெட்டப்பட்டிருக்கின்றன. அவற்றின் மொழி பிராகிருதம். பெரும்பாலானவை பிக்குகளுக்கு உறைவிடம் கொடையளித்த செய்திகள். வணிகரோடும் துறவிகளோடும் வந்த வட இந்திய மொழி வழக்கு ஒன்று, வணிகத்துக்கும் சமயத்துக்கும் பொதுமொழியாகி, தலைமுறைகள் கடந்து தீவின் பெரும்பகுதியினருடைய தாய்மொழி ஆயிற்று. பெருங்கூட்டம் குடிபெயராமலே ஒரு மொழி பரவ முடியும் என்பதற்கு உலகில் எத்தனையோ சான்றுகள் உண்டு. சிங்களத்துக்கு மிக நெருங்கிய உறவு மாலத்தீவின் திவேகி மொழி. இரண்டும் வடக்கிலுள்ள உறவுமொழிகளை விட்டுப் பிரிந்து, திராவிட மொழிகளின் நடுவே வளர்ந்தவை.

இந்தக் கல்வெட்டுகளில் தமிழரும் இருக்கிறார்கள். அனுராதபுரத்தில் ஒரு மேடை, தமிழ் இல்லத்தார் கூடுமிடமாகக் குறிக்கப்பட்டிருக்கிறது. யார் யாருக்கு எந்த இருக்கை என்றுகூடப் பொறித்திருக்கிறார்கள். அவர்களில் ஒருவன் கப்பல் தலைவன். இக்கரையில் திருப்பரங்குன்றத்துத் தமிழி கல்வெட்டில் ஈழத்துக் குடும்பத்தான் ஒருவன் கொடை செய்கிறான். கடல் அவர்களைப் பிரிக்கவில்லை. அப்படியானால் சிங்களவர் என்ற அடையாளம் எப்போது உருவாயிற்று? ஆர். ஏ. எல். எச். குணவர்த்தன 1979இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரை, சிங்களம் என்ற பெயர் முதலில் அரச குலத்தைக் குறித்துப் பிறகே மக்கள் அனைவருக்கும் விரிந்தது என்று வாதிட்டது. கே. என். ஓ. தர்மதாச அதைக் கடுமையாக மறுத்தார். அந்த விரிவு எப்போது நிறைவுற்றது என்பதில் கருத்து வேறுபாடு இருக்கலாம். படிப்படியாக நிகழ்ந்தது என்பதே எனக்குச் சரியாகத் தோன்றுகிறது.

சிங்களவரின் உறவுமுறையைப் பாருங்கள். அத்தை மகளும் மாமன் மகளும் முறைப்பெண்கள். சித்தப்பா, பெரியப்பா பிள்ளைகளும் பெரியம்மா, சின்னம்மா பிள்ளைகளும் உடன்பிறந்தோர். கண்டிச் சிங்களக் கிராமத்தில் இந்த முறை அப்படியே இருப்பதை மானிடவியலாளர் நூர் யால்மன் 1967இல் விரிவாக எழுதினார். வட இந்தியக் கிராமத்தில் மாமன் மகளைக் கட்டுவது பாவம். மொழியைக் கற்று மாற்றிக்கொள்ளலாம். யாரை மணக்கலாம், யாரை மணக்கக் கூடாது என்ற ஒழுங்கு அத்தனை எளிதில் மாறாது.

இனிச் சமயத்துக்கு வருகிறேன். அசோகனுடைய காலத்தில் மகிந்தர் மிகிந்தலைக் குன்றில் தேவானம்பிய தீசனைச் சந்தித்ததும், சங்கமித்தை போதிமரக் கிளையோடு வந்ததும் பள்ளிப் பாடத்திலேயே உள்ளவை. கி.மு. முதல் நூற்றாண்டில் அலுவிகாரையில் திரிபிடகம் ஏட்டில் எழுதப்பட்டது. இந்தப் பௌத்தம் சிங்களவருக்கு மட்டும் உரியதாக அன்று இருக்கவில்லை என்பதைத்தான் நாம் மறந்துவிட்டோம். பாளி உரைகளின் பேராசிரியர்களில் ஒருவரான புத்ததத்தர் உறையூர்க்காரர். காவிரிப்பூம்பட்டினத்து விகாரையில் இருந்து எழுதியவர். தம்மபாலரும் தென்னாட்டவரே. மணிமேகலையைத் தந்த மண், வீரசோழியம் என்ற இலக்கணத்தைப் புத்தமித்திரர் கையால் பெற்ற மண் இது. சிங்களத்தின் பழைய இலக்கணமான சிதத்சங்கராவில் அந்த வீரசோழியத்தின் செல்வாக்கை அறிஞர்கள் எடுத்துக்காட்டியிருக்கிறார்கள்.

சோழர் காலத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். இராசராசன் அனுராதபுர அரசை வீழ்த்தினான். விகாரைகள் கொள்ளை போயின. பிக்குணிச் சங்கம் அந்தக் காலத்தோடு அற்றுப்போயிற்று. அது உண்மை, அதை நாம் மறைக்கக் கூடாது. அதே இராசராசனின் பெயரால் திருகோணமலைக்கு அருகே வெல்கம் விகாரை இராசராசப் பெரும்பள்ளி ஆயிற்று. அங்கே தமிழ்ப் பௌத்தர்கள் விளக்கும் பசுவுமாகக் கொடுத்த கொடைகள் தமிழிலேயே பொறிக்கப்பட்டுள்ளன. சோழரை விரட்டிய விசயபாகு 11ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பர்மாவிலிருந்து பிக்குகளை வரவழைத்துச் சங்கத்தை மீட்டான். அவன் காலத்தில் புத்தரின் பல்லுக்குப் பொலன்னறுவையில் எழுந்த கோயிலைக் காக்கும் பொறுப்பை யாரிடம் கொடுத்தார்கள் தெரியுமா? வேளைக்காரப் படையிடம். நீண்ட தமிழ்க் கல்வெட்டு அதைச் சொல்கிறது. அரசுரிமையின் அடையாளமான தந்ததாதுவுக்குத் தமிழ்ப்படை காவல். அந்த ஒப்பந்தத்தின் மொழி தமிழ். இதே வேளைக்காரர் ஒருமுறை சோழர்மேல் படையெடுக்க மறுத்துக் கலகம் செய்தவர்கள் என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும். அந்த உலகத்தில் பற்றும் பகையும் இன்றைய இனக்கோட்டில் ஓடவில்லை.

மத்திய மலைநாட்டில் 1344இல் எழுந்த கடலாதெனிய விகாரையைப் பார்த்தவர்களுக்குத் தமிழ்நாட்டுக் கோயிலுக்குள் நுழைந்தது போலத் தோன்றும். கட்டியவர் கணேசுவராசாரி என்ற தென்னிந்தியத் தச்சர். உள்ளே புத்தர், அருகே தேவர் கோயில்.

அந்தத் தேவர்களைப் பற்றித்தான் அதிகம் சொல்ல விரும்புகிறேன். கண்டியின் எசல பெரகரா திருவிழாவில் தந்ததாதுப் பேழையைச் சுமந்த யானைக்குப் பின்னால் நாதர், விஷ்ணு, கதிர்காமத் தேவன், பத்தினி என்று நான்கு தேவாலயங்களின் ஊர்வலங்கள் முறைப்படி வரும். நாதர் மகாயான பௌத்தத்தின் அவலோகிதர். கதிர்காமத் தேவன் நம் முருகன். பத்தினி, கண்ணகி. புத்தர் வரம் தருபவர் அல்லர்; பிணி, மழை, பயிர், பிள்ளை ஆகியவற்றுக்குத் தேவர்களிடமே போக வேண்டும். அந்தத் தேவர்களும் புத்தரிடம் ஆணை பெற்றுத் தீவைக் காப்பவர்கள். சிங்களப் பௌத்தர் மனத்தில் இதில் முரண் எதுவும் இல்லை.

கண்ணகி அங்கே எப்படிப் போனாள்? சேரன் செங்குட்டுவன் எடுத்த கண்ணகி விழாவில் இலங்கை வேந்தன் கயவாகு இருந்ததாகச் சிலப்பதிகாரம் சொல்கிறது. கி.பி. 2ஆம் நூற்றாண்டில் ஆண்ட கஜபாகுவைப் பற்றி மகாவம்சத்தில் இப்படி ஒரு சொல்லும் இல்லை. ஆனால் பிற்காலச் சிங்கள நூலான ராஜாவலிய வேறு கதை சொல்கிறது. சோழன் சிறைபிடித்துப் போன 12,000 பேரை மீட்கக் கஜபாகு நீலன் என்ற வீரனோடு சோழநாடு சென்றான். அவர்களை மீட்டு, மேலும் 12,000 சோழநாட்டாரையும் கொண்டுவந்து தீவின் பல பகுதிகளில் குடியேற்றினான். பத்தினியின் சிலம்பையும் கொண்டுவந்தான். கணநாத் ஒபயசேகர இதை ஆராய்ந்து, தென்னிந்தியாவிலிருந்து வந்து சிங்கள ஊர்களில் குடியேறிய மக்கள் தம் இருப்புக்கு நியாயம் சொல்லும் கதை இது என்று விளக்கினார். 1984இல் அவர் வெளியிட்ட பத்தினி வழிபாடு பற்றிய பெருநூல் என்னைப் பொறுத்தவரை தென்னாசிய மானிடவியலின் உச்சங்களில் ஒன்று.

சிங்களக் கிராமத்தில் அறுவடைக்குப் பின்னும், அம்மை போன்ற நோய் வரும்போதும் கம்மடுவ என்ற சடங்கு நடக்கும். அதில் கோவலன் பாலங்க என்ற பெயரில் வருகிறான். மதுரையில் அவன் கொல்லப்படுவதை நடித்துக் காட்டுவார்கள். பிறகு பத்தினி அவனை உயிர்ப்பிக்கிறாள். அங்கெலிய என்ற கொம்பிழுப்பு விளையாட்டில் ஊர் இரண்டு கட்சியாகப் பிரியும். மேல்கட்சி பாலங்கவினுடையது, கீழ்க்கட்சி பத்தினியினுடையது. கொம்பு முறிந்தவர்களை வென்றவர்கள் வாய்க்கு வந்தபடி ஏசுவார்கள்.

மட்டக்களப்புக்கு வாருங்கள். வைகாசியில் கண்ணகை அம்மன் கதவு திறக்கும். கொம்புமுறி விளையாட்டில் ஊர் வடசேரி, தென்சேரி எனப் பிரியும். வடசேரி கோவலன் கட்சி. தென்சேரி கண்ணகி கட்சி. வசைப்பாட்டும் உண்டு. குளிர்த்தி பாடி அம்மனின் கோபத்தைத் தணிப்பார்கள். ஒரே விளையாட்டு, ஒரே தெய்வம், இரண்டு மொழி. ஒரு வேறுபாடு உண்டு. சிங்களப் பத்தினி பௌத்த நெறியில் நிற்பவள். வருங்காலத்தில் புத்தராகப் பிறக்கக் காத்திருப்பவள். கண்ணகிக்கு இது மிகப் பெரிய இடம். தமிழ்நாட்டில் அவளுக்கு இன்று சிலைகள் உண்டு. அவள் பெயரால் நோய் தணிக்கும் ஊர்கள் ஈழத்திலும் சிங்கள நாட்டிலும் இருக்கின்றன.

கடற்கரைச் சாதிகளான கராவ, சலாகம, துராவ மக்கள் 13ஆம் நூற்றாண்டுக்குப் பின் தென்னிந்தியக் கரைகளிலிருந்து வந்து சிங்களவரானவர்கள். நெசவுக்காக வந்ததாகச் சொல்லப்படும் சலாகமர் கறுவாப்பட்டை உரிப்பவர்களாக மாற்றப்பட்டார்கள். கராவ மக்களின் முக்கர ஹட்டன என்ற ஏடு, தம் முன்னோர் கீழக்கரை, காவிரிப்பட்டினம், காஞ்சி ஆகிய இடங்களிலிருந்து போருக்காக வந்ததைச் சொல்கிறது. பின்னாளில் பௌத்தத்தின் உட்பிரிவுகளையே மாற்றியவர்கள் இவர்கள்தான். கண்டியில் உயர்சாதியான கொவிகமவினருக்கு மட்டுமே துறவுத் தீட்சை என்று ஆனபோது, ஒரு சலாகமத் துறவி பர்மா சென்று தீட்சை பெற்றுத் திரும்பி 1803இல் அமரபுர நிக்காயத்தைத் தொடங்கினார்.

கண்டி உயர்சாதியினருக்கு மட்டும் உரியதாக இருந்த சியம் நிக்காயம் என்ற பிரிவு எப்படி வந்தது என்பதையும் சொல்ல வேண்டும். மதுரையிலிருந்து பெண் எடுக்கும் வழக்கம் கண்டி அரசர்களிடம் இருந்தது. 1739இல் நரேந்திரசிங்கன் வாரிசின்றி இறந்தபோது, அவனுடைய மதுரை அரசியின் தம்பி அரியணை ஏறினான். அடுத்து 1747இல் ஆட்சிக்கு வந்த கீர்த்தி சிறீ ராஜசிங்கன் பிறப்பால் நாயக்கன். வீட்டில் தமிழும் தெலுங்கும் கேட்டு வளர்ந்தவன். தீவில் முறையான தீட்சை பெற்ற ஒரு பிக்குகூட இல்லாத நிலை அப்போது. வெலிவிட்ட சரணங்கரரின் வேண்டுகோளை ஏற்று, டச்சுக்காரரின் கப்பலில் தூதனுப்பி, சயாமிலிருந்து உபாலி தேரரை வரவழைத்து 1753இல் சங்கத்துக்கு உயிர் கொடுத்தவன் இந்த நாயக்கன். விட்டுப்போயிருந்த மகாவம்சத்தைத் தொடர்ந்து எழுத வைத்ததும், தேவர்களின் ஊர்வலத்துக்கு முன்னே தந்ததாதுவை நிறுத்தி இன்றைய பெரகராவுக்கு வடிவம் கொடுத்ததும் அவன் காலத்தில்தான். அவன் திருநீறு பூசுகிறான் என்று மனக்குறைப்பட்ட பிரதானிகளும் பிக்குகளும் 1760இல் அவனைக் கொல்லச் சதி செய்தார்கள் என்பதும் அதே வரலாற்றின் பகுதி. அந்த மரபின் கடைசி அரசன் சிறீ விக்கிரம ராஜசிங்கன் 1815இல் ஆங்கிலேயரிடம் பிடிபட்டு, வேலூர்க் கோட்டையில் சிறையிருந்து 1832இல் இறந்தான். பாலாற்றங்கரையில் அவன் கல்லறை இருக்கிறது.

இதற்குப் பிறகுதான் இனம் என்ற கண்ணாடி வந்தது. 1837இல் ஜார்ஜ் டர்னர் மகாவம்சத்தை ஆங்கிலத்தில் வெளியிட்டார். ஐரோப்பிய மொழியியலின் ஆரியம், திராவிடம் என்ற பகுப்பு மொழியிலிருந்து உடம்புக்கு ஏறியது. 1873 பாணந்துறை விவாதத்தில் மிகெட்டுவத்தே குணானந்த தேரர் பாதிரிமாரை எதிர்த்து நின்றதும், 1880இல் பிரம்மஞான சபையின் ஒல்கொட் காலியில் வந்திறங்கியதும், அநகாரிக தர்மபாலரின் எழுச்சியும், காலனி ஆட்சியில் அவமதிக்கப்பட்ட மக்கள் தலைநிமிர உதவின. அதை நாம் மதிக்க வேண்டும். அயோத்திதாசப் பண்டிதர் 1898இல் கொழும்பு சென்று பௌத்தம் ஏற்றதும் அந்த எழுச்சியின் ஒரு கிளை. அதே எழுச்சி ஆரியச் சிங்களம் என்ற கற்பனையையும் வளர்த்தது. 1972 அரசியலமைப்பு பௌத்தத்துக்கு முதன்மை இடம் கொடுத்தது. அதன் விலையைத் தமிழரும் முஸ்லிம்களும் கொடுத்தார்கள். 2012 கணக்கெடுப்பின்படி சிங்களவர் நாட்டு மக்களில் 74.9 விழுக்காடு, பௌத்தர் 70.1 விழுக்காடு. இரண்டுக்கும் இடையே உள்ளவர்களில் பெரும்பாலோர் மேற்குக் கரையின் சிங்களக் கத்தோலிக்கர்.

அந்தக் கரையில் சிங்களவர் உருவாவது நேற்றுவரை நடந்தது. நீர்கொழும்பு, சிலாபம் பகுதி மீனவக் குடும்பங்கள் பல, தமிழ் பேசியவை, 20ஆம் நூற்றாண்டில் பள்ளிமொழி சிங்களமானபோது இரண்டு மூன்று தலைமுறைக்குள் சிங்களவர் ஆயின. பாட்டி தமிழில் செபம் சொல்வாள், பேரன் சிங்களத்தில் பதில் சொல்வான். பக்கத்திலுள்ள உடப்பு மட்டும் திரௌபதை அம்மன் தீமிதிப்போடு தமிழ் ஊராகவே நிற்கிறது. அரசும் பள்ளியும் தேவாலயமும் சேர்ந்தால் ஒரு மக்களின் மொழி எப்படி மாறும் என்று ஆராய விரும்பும் மாணவர்கள் அனுராதபுரக் கல்வெட்டுகளோடு இந்த ஊர்களையும் படிக்க வேண்டும். மாற்றம் விருப்பத்தால் நிகழ்ந்ததா, நெருக்கடியால் நிகழ்ந்ததா என்று அங்கே இன்னமும் ஆட்களிடமே கேட்க முடியும்.

இந்த அவையில் இருக்கும் ஆய்வு மாணவர்களிடம் ஒரு வேண்டுகோள். பத்தினிச் சடங்கில் பாடப்படும் பாடல் தொகுதிக்குச் சிங்களத்தில் பந்திஸ் கோல்முர என்று பெயர், முப்பத்தைந்து ஏடுகள். அவற்றில் பலவற்றை ஒபயசேகர ஆங்கிலத்தில் தந்துவிட்டார். அவை சிங்களத்திலிருந்து நேராகத் தமிழுக்கு முழுமையாக வர வேண்டும். மட்டக்களப்பில் பண்டிதர் வி. சீ. கந்தையா பதிப்பித்த கண்ணகி வழக்குரையோடு வரிக்கு வரி ஒப்பிட வேண்டும். எந்தக் கதை எந்தக் கரையிலிருந்து எந்த வழியாக வந்தது என்பது அப்போதுதான் தெளிவாகும். இரு மொழியும் அறிந்த இளைஞர்கள் பேராதனையிலும் கிழக்கிலும் இருக்கிறார்கள். சிலப்பதிகாரம் அறிந்தவர்கள் இங்கே இருக்கிறீர்கள். அந்த இளைஞர்களுக்குக் கடிதம் எழுதுங்கள். இந்த ஆண்டே தொடங்குங்கள்.